டீ வரும்வரை வாய் திறக்கக் கூடாது

“உங்க அம்மாவுக்கு யானை ஏதாவது சொந்தமாம்மா?”

அந்த மொட்டை மாடியில் என்னைக் கேட்ட முதல் கேள்வி இதுதான். அப்போதுதான் படித்து முடித்திருந்த கதையை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். அதில் யானை எதுவும் கிடையாது. அயனாவரத்தில் ஓர் ஓட்டு வீடு, தையல் மெஷின், அம்மா, மழை. அவ்வளவுதான். கேட்டவர் தாளை என் பக்கம் திருப்பி ஒரு சொல்லுக்கு அடியில் நகத்தால் கோடு இழுத்தார். ‘அம்மா தந்தப் பெட்டியைத் திறந்தேன்’ என்று அடித்திருந்தேன்.

“தந்த பெட்டின்னா அம்மா குடுத்த பெட்டி. நடுவுல ‘ப்’ வந்துட்டா யானைத் தந்தத்துல செஞ்ச பெட்டி. வசதியான குடும்பம் போலிருக்குன்னு நினைச்சேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். டைப்பிங் மிஸ்டேக் சார் என்று சொல்ல வாயெடுத்தேன். வீட்டுக்கார டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். “இன்னும் டீ வரலைம்மா.”

டீக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பக்கத்தில் இருந்த பையன்தான் மெதுவாகச் சொன்னான்: “கதை படிச்சவங்க டீ வர்ற வரைக்கும் பேசக் கூடாதுக்கா. நாங்கதான் பேசுவோம்.”

டீ வர 25 நிமிடம் ஆனது. அதற்குள் ஆறு பேர் என் கதையை என் கண்ணெதிரே பிரித்துப் போட்டார்கள். ஒருவர் அம்மா பாத்திரம் நன்றாக வந்திருக்கிறது என்றார். இன்னொருவர் அம்மாவே கதையில் இல்லை என்றார். நான் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். கடைசியில் டீ வந்து, வாய் திறக்க அனுமதியும் கிடைத்தபோது, சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. விளக்கம் சொல்லியே ஆகவேண்டும் என்ற வெறி, 25 நிமிடம் கட்டிப்போட்டால் தானாகவே அடங்கிவிடுகிறது.

இது 2018 ஆகஸ்டில் நடந்தது. பாரிமுனையில் ஒரு ஹார்டுவேர் கடையில் அப்போது கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். (இன்றும் அதே கடைதான். பேரேடு போய் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது.) நாள் முழுக்க கீல், தாழ்ப்பாள், திருகாணி என்று பில் போட்டுவிட்டு, கடற்கரை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறிப் பெரம்பூரில் இறங்குவதற்குள் போனில் நாலைந்து வரி அடிப்பேன். அது கதையா இல்லையா என்று கேட்க ஆள் இல்லை. வீட்டில் காட்டினால் ‘நல்லாருக்கு’ என்பார்கள், அடுத்த நொடியே ‘அரிசி ஊற வச்சியா’ என்பார்கள்.

எங்கள் பக்கத்துக் கிளை நூலகத்தின் பலகையில் கையால் எழுதிய ஒரு தாளைப் பார்த்துத்தான் போனேன். ‘எழுதுகிறவர்கள் வரலாம். எழுத நினைக்கிறவர்களும் வரலாம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மாலை 4 மணி. டியூஷன் சென்டர் மொட்டை மாடி. கேட்டில் இருக்கும் நாய் கடிக்காது.’ இந்தக் கடைசி வரிதான் என்னை இழுத்தது. இப்படி ஒரு வரி எழுதத் தெரிந்தவர்கள் நல்லவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. நாய் கடிக்கவில்லைதான். ஆனால் பத்து நிமிடம் கேட்டைத் தாண்ட விடவில்லை.

எங்கள் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது. ஒருமுறை பெயர் வைக்கலாம் என்று ஆரம்பித்து இரண்டு மாதம் அதிலேயே போனது. வந்த ஏழு பெயர்களில் மூன்றில் ஒற்றுப்பிழை இருப்பதாகப் புரூஃப் சார் சொன்னதும் அந்த முயற்சி நின்றுபோனது. இப்போதும் எங்களுக்குள் ‘ஞாயித்துக்கிழமை’ என்றுதான் பேச்சு. “என்ன, இந்த வாட்டி ஞாயித்துக்கிழமைக்கு வர்றியா?”

புரூஃப் சார்தான் யானைக் கேள்வி கேட்டவர். அச்சகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் மெய்ப்புப் பார்த்தவர். ஈய எழுத்துக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்ததால், தலைகீழாகவும் கண்ணாடியில் பார்ப்பது போலவும் இருக்கும் தமிழை நேர்த்தமிழ் மாதிரியே படிப்பார். அவருக்கு முதுகுக்குப் பின்னால் ‘ஒற்று சார்’ என்று பெயர். அது அவருக்கும் தெரியும். பிறகு ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் ராத்திரி ஷிஃப்டில் தபால் பிரித்து ஓய்வுபெற்ற போஸ்டல் அண்ணன். ஹைகோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் ஒருவர். அவர் எழுதுவது முழுக்கப் பேய்க் கதை. மொட்டை மாடிக்குச் சொந்தக்காரரான கணக்கு டீச்சர். உணவு டெலிவரி செய்யும் தம்பி ஒருவன். இவர்கள் நிரந்தரம். மற்றபடி பத்துப் பேர், சில மாதம் இருபது பேர், வருவார்கள் போவார்கள். மழை என்றால் கீழே வகுப்பறைக்குப் போய்விடுவோம். வாய்ப்பாடு அட்டைக்கு அடியில் மட்டும் உட்காரக் கூடாது, ஒழுகும்.

யானை ஜோக்கைவிட அன்றைக்குப் போஸ்டல் அண்ணன் கேட்டதுதான் என்னை உருப்படியாக்கியது. என் கதையில் மழை பெய்துகொண்டிருக்கும். அம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்து ‘வாழ்க்கையின் கிழிசல்களைத் தைத்துக்கொண்டிருப்பாள்’. அந்த வரியை எழுதிவிட்டு எனக்கு நானே கைதட்டிக்கொள்ளாத குறை. அண்ணன் கேட்டார்: “கிழிசல் இருக்கட்டும். நிஜமா என்ன தைச்சாங்க?”

புடவைக்கு ஃபால்ஸ். ஆனால் டீ வரவில்லையே, நான் சொல்ல முடியாது. அவர் அடுக்கிக்கொண்டே போனார். ஒரு புடவைக்கு எவ்வளவு கூலி? ஒன்றை முடிக்க எவ்வளவு நேரம்? துணி யார் கொண்டுவந்து கொடுத்தார்கள்? மழையில் தையல்காரிக்கு என்ன கஷ்டம்? நல்லவேளை டீ வரவில்லை. வந்திருந்தால் எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கும். 18 வருடம் அந்த மெஷின் சத்தத்தில் தூங்கியவள் நான்.

அன்று ராத்திரி அம்மாவைக் கேட்டேன். முதலில் ‘அதெல்லாம் எதுக்குடி இப்ப’ என்றாள். பிறகு ஒன்றரை மணி நேரம் பேசினாள். ஃபால்ஸ் துணியை வாங்கியதும் தைத்துவிடக் கூடாது. முந்தைய நாளே தண்ணீரில் ஊறவைத்து, காயப்போட்டு, இஸ்திரி போட்டுத்தான் தொட வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் ஃபால்ஸ் சுருங்கும், புடவை சுருங்காது. ஓரமெல்லாம் இழுத்துக்கொண்டு நிற்கும். கீழ்ப்பக்கம் மெஷினில் ஓட்டலாம். மேல்பக்கம் கையால்தான். ஊசியில் புடவையின் ஒரே ஒரு இழையை மட்டும் கோத்து எடுக்க வேண்டும், இரண்டு இழை போனால் வெளிப்பக்கம் புள்ளி புள்ளியாகத் தெரியும். கூலி சாதாரணப் புடவைக்கு 5 ரூபாய், பட்டுக்கு 8.

“மழைக்காலத்துலதான் கஷ்டம். ஊற வச்ச ஃபால்ஸ் காயவே காயாது. சோறு வடிச்ச பானை மேல சுத்தி வச்சுக் காயவைப்பேன். ஒருநாள் கஞ்சி பட்டுக் கறையாயிடுச்சு. கவனிக்காம தைச்சிட்டேன். அந்தப் பொம்பள அப்புறம் புடவையே குடுக்கல. அவங்க வீட்ல அஞ்சு பொண்ணுங்க.”

ஐந்து பெண்கள் என்றால் எத்தனை புடவை என்று நான் மனதில் கணக்குப் போட்டேன். கடைக் கணக்குப் புத்தி.

என் கதையில் மழை அதுவரை சும்மா பெய்துகொண்டிருந்தது, சோகத்துக்காக. இப்போது அதற்கு ஒரு வேலை வந்துவிட்டது. கிழிசல் வரி போனது. பானை வந்தது. நான்கு முறை திருப்பி எழுதினேன். மூன்று முறை மாடியில் படித்தேன். கடைசியில் ஒரு சிற்றிதழில் வந்தது. அவர்கள் பணம் தருவதில்லை, இரண்டு பிரதி அனுப்பினார்கள். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு முழுவதும் படித்தாள். பிறகு சொன்னாள்: “அஞ்சு ரூபா பின்னாடிதான்டி. ஆரம்பத்துல நாலு.”

இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதில்லை. எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கித் திருவல்லிக்கேணியிலிருந்து 1970வரை நடத்தினார். புதுக்கவிதை எழுத வந்த இளைஞர்கள் பலருக்கு முதல் வாசல் அதுதான். தன் பதிப்பகப் புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் அவர். அந்த மூட்டையைப் பற்றிப் படித்த பிறகு, புத்தகம் போகவில்லை என்று யாராவது புலம்பினால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அதே 1970இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு வேறு மாதிரி உதவியது. மாதாமாதம் இதழ்களில் வரும் சிறுகதைகளை எல்லாம் யாராவது உட்கார்ந்து படித்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். வருட முடிவில் அந்தப் பன்னிரண்டில் ஒன்று அவ்வருடத்தின் சிறந்த கதை. தேர்வான கதைகள் புத்தகமாகவும் வரும். முதல் கதை எழுதியவனுக்குப் பரிசைவிடப் பெரிய விஷயம், தன் கதையை முன்பின் தெரியாத ஒருவர் கடைசி வரிவரை படித்திருக்கிறார் என்பது.

அந்தக் கடைசி வரிவரை என்பதுதான் இப்போது கிடைப்பதில்லை. வார இதழ்களில் சிறுகதைக்கான பக்கம் குறைந்துவிட்டது. அனுப்பிய கதை கிணற்றில் போட்ட கல். போனில் போட்டால் அரை நிமிடத்தில் நாற்பது இதயம் வரும், ‘செம அக்கா’ என்று வரும். அரை நிமிடத்தில் எப்படிப் படித்தார்கள் என்று கேட்கக் கூடாது. எங்கள் மாடியில் இதயம் கிடையாது. பத்து நிமிடம் படித்தால் பத்து நிமிடமும் கேட்பார்கள். கேட்கிறார்களா தூங்குகிறார்களா என்பது முகத்தில் தெரியும். போஸ்டல் அண்ணன் தூங்கினால் கதையில் அந்த இடம் தொய்வு என்று அர்த்தம். ராத்திரி ஷிஃப்ட் பார்த்த மனிதர், சுவாரசியம் இருந்தால் மட்டுமே விழித்திருப்பார்.

டெலிவரித் தம்பி கதை தனி.

அவன் கவிதை எழுதுகிறவன். ஹோட்டல் வாசலில் ஆர்டர் தயாராகும்வரை காத்திருக்கும் நேரத்தில் போனில் எழுதுவான். அபார்ட்மெண்ட் லிஃப்டில் டெலிவரி ஆட்கள் ஏறக் கூடாது என்று எழுதி ஒட்டியிருப்பதைப் பற்றி ஒரு கவிதை. அதில் கோபமே இருக்காது. ஒரு மாடிக்கு 18 படி என்று எண்ணிக்கொண்டே போவான், ஐந்தாவது மாடியில் கதவு திறந்ததும் கவிதை முடிந்துவிடும். அவன் படித்து முடித்த அன்று டீ வந்தும் யாரும் எடுக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். ஒரு பதிப்பகம் அவன் தொகுப்பைப் போடப் போகிறதாம். போனில் விளம்பரம் பார்த்து அனுப்பினானாம். மறுநாளே கூப்பிட்டு ‘உங்க எழுத்துல ஒரு ஃபயர் இருக்கு சார்’ என்றார்களாம். 42,000 ரூபாய் கட்டினால் போதும். அதில் புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் வாங்கித் தரும் கட்டணம் 3,500 தனியாகக் காட்டியிருந்தது. அவனுக்கு 50 பிரதி தருவார்கள். மீதி எத்தனை அடிப்பார்கள் என்று எங்கேயும் இல்லை.

குமாஸ்தா ஒப்பந்தத்தை வாங்கி வாய்க்குள் முணுமுணுத்தபடி படித்தார். பேய்க் கதை எழுதும்போதுகூட அந்த முகம் அவ்வளவு இறுகாது. “இந்தாப்பா. 1957ஆம் வருஷச் சட்டப்படி நீ எழுதினது எழுதின நிமிஷத்துலேர்ந்து உன் சொத்து. பதிவு பண்ணலன்னாகூட. நீ உயிரோட இருக்கற வரைக்கும், நீ போனதுக்கப்புறம் இன்னும் 60 வருஷமும். யாருக்காவது எழுதிக் குடுக்கறப்ப எத்தனை வருஷம்னு போடலைன்னா, அஞ்சு வருஷம்னுதான் சட்டம் எடுத்துக்கும். இவன் அதைத் தெரிஞ்சுதான் ‘முழுக் காலத்துக்கும்’னு போட்டிருக்கான்.” தாளை மடித்தார். “வழக்கமா சொத்தை விக்கிறவனுக்குத்தான் காசு வரும். நீ 42,000 குடுத்து விக்கிறியே.”

தம்பி எதுவும் பேசவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. கனவைக் கலைப்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும், அது எங்களுக்கு அன்றைக்கு இல்லை. நான்கு பேர் ஒரே நேரத்தில் புத்திசொன்னோம். டீச்சர்தான் கரும்பலகை இல்லாத குறைக்கு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். டெம்மி அளவில் 16 பக்கம் ஒரு பாரம். அவன் தொகுப்பு 96 பக்கம், ஆறு பாரம். ஆஃப்செட்டில் அடித்தால் ஆயிரம் பிரதியாவது போனால்தான் கட்டுப்படியாகும், ஆனால் இப்போது டிஜிட்டலில் 300கூட அடிக்கலாம். ராயப்பேட்டையில் புரூஃப் சாருக்குத் தெரிந்த அச்சகத்தில் கேட்டதில், அட்டையோடு சேர்த்துப் பிரதி 60 ரூபாய் சொன்னார்கள். 18,000. ஐஎஸ்பிஎன்னுக்கு ஒரு பைசா கிடையாது. ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இருக்கும் மத்திய அரசின் தேசிய முகமை அதை இலவசமாகத்தான் தருகிறது, எழுதியவரே விண்ணப்பிக்கலாம். ‘வாங்கித் தரும்’ வேலைக்குத்தான் அந்த 3,500.

அந்த மாதிரிப் பதிப்பாளர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. பணம் வாங்கிக்கொண்டு ஒழுங்காகப் புத்தகம் போட்டுக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். எத்தனை பிரதி, யாருக்கு உரிமை, விற்றால் எவ்வளவு என்று தாளில் தெளிவாக இருந்தால் அது ஒரு வியாபாரம், அவ்வளவுதான். இங்கே எரிச்சலூட்டியது அந்த ‘ஃபயர்’. நாங்கள் நான்கு வருடமாகச் சொல்லத் தயங்கிய பாராட்டை, படிக்காத ஒருவன் ஒரே போனில் சொல்லிவிட்டான். தம்பி அந்தப் பக்கம் சாய்ந்ததில் எங்கள் தப்பும் கொஞ்சம் உண்டு என்று நினைக்கிறேன்.

சரி, புத்தகத்தை நாமே போடலாம் என்று முடிவானது. ஆளுக்கு ஐந்து பிரதிக்கு முன்பணம். மீதியைத் தம்பி போட்டான். பக்க வடிவமைப்பு செய்தவர் பழைய எழுத்துருவுக்கு மாற்றியதில் நடந்த கூத்தைத் தனியாக எழுதலாம். யுனிகோடில் சரியாக இருந்த துணைக்கால் சில இடங்களில் ‘ர’ ஆகி, ‘அம்மா’ எல்லாம் ‘அம்மர’ ஆகிவிட்டாள். ‘கௌரவம்’ என்பதில் ‘ள’ வந்து உட்கார்ந்துகொண்டது. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். புரூஃப் சார் கண்ணுக்கு மட்டும் கல் கடித்தது போலத் தெரியும்.

மெய்ப்புப் பார்க்க அவர் என்னைக் கூட்டாளியாக்கிக்கொண்டார். அந்தக் காலத்தில் இரண்டு பேராகத்தான் பார்ப்பார்களாம். ஒருவர் மூலப்பிரதியை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் அச்சுத் தாளில் விரல் வைத்துக்கொண்டே வருவார். கமா வந்தால் ‘கமா’ என்று சொல்ல வேண்டும், வரி முடிந்தால் ‘வரி’ என்று சொல்ல வேண்டும். ‘ஐந்தாவது மாடி வரி தண்ணீர் கேட்டேன் வரி குழாய் கீழே இருக்கிறது என்றார்கள் புள்ளி’ என்று நான் படிக்கப் படிக்க, அவர் சிவப்புப் பேனாவோடு தலையாட்டிக்கொண்டே வந்தார். அர்த்தத்துக்குள் போகக் கூடாது என்பது அவர் கட்டளை. “அர்த்தம் புரிஞ்சா கண்ணு தப்பைத் தானே திருத்திப் படிச்சுடும்மா.” மூன்று ஞாயிறு இப்படிப் போனது. மூன்றாவது சுற்றில், அந்தத் தண்ணீர் வரி வந்த இடத்தில் அவரே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “இந்த இடத்துல மட்டும் அர்த்தம் உள்ள வந்துடுது” என்றார்.

தம்பிக்கு வெளியீட்டு விழா வேண்டும். அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலக அரங்கத்தில், மேடை, பேனர், பொன்னாடை, ஒரு சினிமாக்காரர். பையனுக்கு ஆசை இருக்கத்தானே செய்யும். அரங்க வாடகை, பேனர், வருபவர்களுக்கு வடை காபி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டதும் அவனே மாடியில் வைத்துக்கொள்ளலாம் என்றான். சிறப்பு விருந்தினர் அவன் அம்மா. அவருக்குப் படிக்கத் தெரியாது. முதல் பிரதியை வாங்கி, பின்னட்டையில் இருந்த மகனின் போட்டோவைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். அச்சு மை காய்ந்துதான் இருந்தது, ஆனாலும் துடைத்தார்.

அதற்கு அடுத்த வாரம் போஸ்டல் அண்ணன் நான்கு பிரதிகளைப் பழுப்புத் தாளில் கட்டிக்கொண்டிருந்தார். யாருக்கு என்று கேட்டேன். 1954ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் வெளியிடும் ஒவ்வொரு புத்தகத்தையும் வெளியிட்டவர் 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் வேறு மூன்று நூலகங்களுக்கும் தன் செலவில் அனுப்ப வேண்டும். அந்த மூன்றில் ஒன்று நம் எழும்பூர் கன்னிமாரா. 1896இல் திறந்த அந்தக் கட்டடத்துக்கு நாங்கள் எல்லாரும் எத்தனையோ முறை படிக்கப் போயிருக்கிறோம். நம் ஆள் எழுதிய புத்தகம் அங்கே போக வேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பது எனக்குத் தெரியாது. அண்ணன் மூன்று பார்சலைத் தபாலில் சேர்த்துவிட்டு, நான்காவதைக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று தம்பியை வண்டியில் கூட்டிக்கொண்டு எழும்பூர் போனார். “என் சர்வீஸ்ல நான் டெலிவரி குடுத்ததே இல்ல, பிரிச்சு மட்டும்தான் போட்டிருக்கேன்” என்றார். தம்பி அன்றைக்கு மத்தியானம் ஆப்பை அணைத்து வைத்திருந்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு எங்கள் மாடி ஏதோ சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். நடுவில் ஒரு வருடம் எங்களுக்கு முதுகு சொறியும் வியாதி வந்தது. கொரோனாவில் மாடி பூட்டிக்கிடந்த காலம்; எல்லாம் போன் குழுவில். டீ கிடையாது, முகம் கிடையாது. யார் எதைப் போட்டாலும் கும்பிடும் கையும் பூங்கொத்தும். அந்த ஒரு வருடத்தில் நாங்கள் எழுதியவற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை, என்னுடைய எட்டுக் கதையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெண்கள் விஷயமும் ஒன்று உண்டு. நாலு மணிக்கு ஆரம்பித்து ஆறரைக்கு முடித்தால், வீட்டில் ராத்திரிச் சமையல் இருப்பவள் கடைசியாகப் படிக்கும் ஆளாக இருக்க முடியாது. இரண்டு பேர் அப்படியே நின்றுபோன பிறகுதான் மூன்று மணிக்கு மாற்றினோம். அது யாருக்கும் முன்பே தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஆனால் சொல்லியே ஆகவேண்டியது இன்னொன்று.

மாடி மறுபடி திறந்த பிறகு ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். இரண்டாம் வருடம். ஹாஸ்டல் ரூமில் தன்னோடு இருந்தவள் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டதைப் பற்றி எழுதியிருந்தாள். குரல் நடுங்கப் படித்தாள். எனக்கு அப்போது மூன்று கதை அச்சில் வந்திருந்தது. அந்தத் திமிர் எனக்கே தெரியாமல் ஏறியிருந்தது. எல்லாருக்கும் முன்னால் நான்தான் பேசினேன். “இது கதையே இல்லம்மா. டைரி.” அதற்கு மேலும் பேசினேன். என்னென்ன என்று இப்போது எழுத விருப்பமில்லை.

அன்றைக்குப் பார்த்து டீக்கடைப் பையன் வரவில்லை. 40 நிமிடம். அந்த 40 நிமிடமும் அவள் விதிப்படி வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களும் அதே பாதையில் போனார்கள். எந்த விதி என்னை விளக்கம் சொல்வதிலிருந்து காப்பாற்றியதோ, அதே விதி அவளைக் கட்டிப்போட்டு வைத்திருந்தது. டீ வந்தது. குடித்தாள். டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு “தேங்க்ஸ்” என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு வரவில்லை. மன்னிப்புக் கேட்டு இரண்டு முறை செய்தி அனுப்பினேன். பார்த்திருக்கிறாள்; நீல டிக் விழுந்தது.

அவள் விட்டுப்போன தாள் என்னிடம்தான் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து எடுத்துப் படித்தேன். டைரிதான். ஆனால் காலியான கட்டிலின் மேல் இவள் தன் துணிகளை மடித்து வைக்க ஆரம்பிக்கும் ஓர் இடம் இருக்கிறது. நான்கு வரி. அந்த நான்கு வரியை மாதிரி நான் இன்றுவரை எழுதியதில்லை. அன்றைக்கு அந்த இடத்தை அவள் படித்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். அடுத்து என்ன குறை சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு இரண்டு மாற்றம் செய்தோம். முதல் தடவை வருபவர் படித்தால், எல்லாரும் முதலில் தங்கள் நினைவில் நின்ற ஒரு வரியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நல்ல வரி என்று சொல்ல வேண்டியதில்லை, நின்ற வரி. ஒருவருக்கும் ஒரு வரியும் நிற்கவில்லை என்றால் அதுவே விமர்சனம்தான், ஆனால் இதுவரை அப்படி நடந்ததில்லை. இரண்டாவது, டீ கடையிலிருந்து வராது. டீச்சர் வீட்டு ஃப்ளாஸ்கில் தயாராக இருக்கும், 15 நிமிடத்தில் ஊற்றிவிட வேண்டும். புரூஃப் சார் இதைக் கடுமையாக எதிர்த்தார். விதியை மாற்றியதில் அவருக்கு வருத்தமில்லை, ஃப்ளாஸ்க் டீயை டீ என்று அவர் ஒப்புக்கொள்வதில்லை.

போன மாதம் புதிதாக ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். வில்லிவாக்கம் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். துணிக்கடைப் பையில் ஒரு நோட்டு, உள்ளே பால்பாயிண்ட் பேனாவில் குண்டு குண்டான கையெழுத்து. ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்டுக்கு வெளியே வந்து நிற்கும் ஒரு பசு மாட்டைப் பற்றி எழுதியிருந்தார். வேகமாகப் படித்தார், யாரோ துரத்துவது போல. வரி சொல்லும் சுற்று முடிந்தது. ஒன்பது பேரில் நான்கு பேர் ஒரே வரியைச் சொன்னார்கள். பிறகு புரூஃப் சார் ஒற்றுக்களை ஆரம்பித்தார். போஸ்டல் அண்ணன் பசுவின் கழுத்தில் கயிறு இருந்ததா என்று கேட்டார். டெலிவரித் தம்பிக்கு அந்த அபார்ட்மெண்ட் தெரியும். அதன் லிஃப்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், பசு நிற்கும் இடத்தில் தெருவிளக்கு இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். நான் கடைசியாகப் பேசினேன். இப்போதெல்லாம் கடைசியாகத்தான் பேசுகிறேன்.

டீச்சர் ஃப்ளாஸ்கைத் திறந்து ஊற்றினார். பெரியவர் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இனி பேசலாம் என்று சொன்னோம். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரொம்ப வேகமாப் படிச்சுட்டேன். இன்னொரு வாட்டி படிக்கட்டுங்களா?”

இருட்டிக்கொண்டு வந்தது. டீச்சர் எழுந்து போய் மாடி லைட்டைப் போட்டார்.